தம்பி வீட்டு முகவரி

ஒவ்வொரு ஏப்ரலிலும் என் கணவருக்குப் பென்சன் ஏறும். எனக்கு ஏறாது. இருவரும் லண்டனில் வேலை செய்தவர்கள், இருவரும் இப்போது சிட்னியில் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுபவர்கள். வித்தியாசம் ஒன்றுதான். லண்டனை விட்டு வெளிக்கிட்டபோது நான் பென்சன் அலுவலகத்துக்கு எழுதி அறிவித்தேன். அவர் அறிவிக்கவில்லை.

பிரித்தானியப் பென்சன் எடுப்பவர்கள் சில நாடுகளில் போய்க் குடியிருந்தால், போன நாளில் என்ன தொகையோ அந்தத் தொகையிலேயே அது நின்றுவிடும். அவுஸ்திரேலியா அப்படியான ஒரு நாடு. அமெரிக்காவுக்குப் போயிருந்தால் ஏறியிருக்கும். ஏன் அப்படி என்று எனக்கு விளங்கப்படுத்தக்கூடிய ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனாலும் நான் லண்டனில் தபால் கந்தோர் கவுண்டரில் இருபது வருடம் இருந்தவள். முகவரி மாறினால் அறிவிக்க வேண்டும் என்று அங்கே வந்த கிழவன் கிழவி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள். எனக்கு மட்டும் அறிவிக்காமல் விட மனம் வரவில்லை.

"உம்மை ஆர் கேட்டது?" என்றார் அவர்.

ஒருவரும் கேட்கவில்லைதான்.

ஏப்ரலில் பென்சன் ஏறியதும் என்னை இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய் மசால் தோசை வாங்கித் தருவார். ஏறிய காசு ரயிலுக்கும் தோசைக்கும் சரியாக இருக்கும். "இது பிரித்தானிய அரசாங்கத்தின்ர தோசை. உண்மை சொன்ன ஆக்களும் சாப்பிடலாம்" என்பார். நானும் சாப்பிடுவேன். தோசை நல்ல தோசை. அதில் குறை சொல்ல முடியாது.

நாங்கள் வந்து நாலு வருடம். மகள் ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கலியாணம் குலைந்து தனியே இருந்தாள். எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்தி. லண்டன் வீட்டை விற்றுவிட்டு வந்தோம். எங்கள் கையில் இருப்பது நிரந்தர வதிவிட விசா. அதற்கு மகள் கட்டிய காசைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். ஆனால் யாராவது கோயிலிலோ கடையிலோ எங்கள் கதையைக் கேட்டால், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் மாதிரி இவர் சொல்வது ஒன்றுதான்: "நாங்கள் விசிற்றுக்கு வந்திருக்கிறம்."

நாலு வருட விசிற்.

இந்த நாட்டில் அவர் பெயரில் ஒன்றும் இல்லை. வங்கிக் கணக்கு இல்லை, வரி இலக்கம் இல்லை, நூலக அட்டைகூட இல்லை. என்னுடைய அட்டையில்தான் புத்தகம் எடுப்பார். மூத்தவர்களுக்கு ரயிலில் மலிவுக் கட்டணம். நான் அந்த அட்டையைத் தட்டிக்கொண்டு போவேன், பின்னால் இவர் முழுக்கட்டணம் கட்டிக்கொண்டு வருவார். பெற்றோல் ஷெட்டில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர், ஒரு பென்ஸ் பிசகினால் இரவுச் சாப்பாடு இறங்காத மனிதர். நாலு வருடமாக ரயிலுக்கு இரட்டிப்புக் காசு கொடுத்தார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "இந்தக் காசுக்கு ஈடுகட்ட உங்கட பென்சன் ஏறினது காணுமோ?" என்று கேட்டேன். "அது வேற கணக்கு" என்றார். அவருடைய லண்டன் குளிர்கோட்டு எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. சிட்னி வெயிலில் அதைப் பார்க்கவே எனக்கு வியர்க்கும்.

லண்டனில் அவருக்கு இருந்த முகவரி என் தம்பியின் வீடு. ஹரோவில் இருக்கிறது. இதைப் பொய் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். எங்களிடம் முகவரி கேட்டால், குடும்பத்தில் யாருக்கு அசையாமல் ஒரு வீடு இருக்கிறதோ அந்த வீட்டைத்தான் சொல்வோம். முதன்முதல் லண்டனுக்கு வந்தபோது எங்கள் கடிதம் எல்லாம் இவருடைய ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக்கு வந்தது. பிறகு தம்பி வந்தான். அவன் வீடு வாங்கும்வரை அவனுடைய கடிதங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. இப்போது எங்கள் முறை. தம்பி கடிதத்தை உடைத்து, கைபேசியில் படம் எடுத்து அனுப்புவான். படத்தில் பாதி அவனுடைய பெருவிரலாக இருக்கும். மற்றப் பாதியை வைத்து நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

லண்டன் வங்கிக் கணக்கிலும் அந்த முகவரிதான், அந்த வீட்டுத் தொலைபேசி இலக்கம்தான். வீடு விற்ற காசு முழுவதும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. கணக்கு அவர் பெயரில். என் சம்பளமும் இருபது வருடம் அதற்குள்தான் போனது. பெயர் மட்டும் போகவில்லை. காசை இங்கே எடுப்போம் என்று நான் சொல்லும் போதெல்லாம், "பவுண் ஏறட்டும்" என்பார். காலையில் எழும்பிப் பல் தீட்டு முன்னம் ஒரு பிரித்தானியப் பவுணுக்கு எத்தனை டொலர் என்று பார்ப்பார். அது ஏறினால் "இன்னும் ஏறும்" என்பார். இறங்கினால் "இப்ப மாத்தினால் நட்டம்" என்பார். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் நாலு வருடம் போய்விட்டது.

வந்து மூன்றாம் வருடம், வரிக் காலத்தில் மகள் எங்களை ஒரு வரிக் கணக்காளரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக் கடைக்கு மேலே சின்ன அறை. மதுரைப் பொடியன், நல்ல மரியாதை. என் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு இவரைப் பார்த்து, "சார், உங்களுக்கு யூகே-ல வட்டி ஏதாவது வருதா?" என்று கேட்டார்.

"வருது. அது அங்கத்தைய காசு" என்றார் இவர்.

"காசு அங்க இருக்கலாம் சார். நீங்க இங்க இருக்கீங்கள்ல? இங்க இருக்கறவங்க உலகத்துல எங்க வட்டி வந்தாலும் இங்க காட்டணும்."

"நான் விசிற்றுக்கு வந்தனான்."

கணக்காளர் மகளைப் பார்த்தார். மகள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க சார்?"

"மூண்டு வருசம்."

கணக்காளர் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு மனிதன் எந்த நாட்டுக்காரன் என்பது கடவுச்சீட்டு விஷயம். எங்கே வசிக்கிறான் என்பது வரி விஷயம். எங்கே தூங்குகிறான், குடும்பம் எங்கே, சாமான் எங்கே என்று பார்ப்பார்கள். "உங்க பிரிட்டிஷ்காரங்க இதுல இன்னும் மோசம் சார். அந்தக் காலத்துல ஒருத்தன் எந்த ஊருக்குச் சொந்தம்னு முடிவு பண்ண, கல்லறைக்கு எங்க இடம் வாங்கி வச்சிருக்கான்னுகூடப் பார்ப்பாங்களாம். எங்க சாகப்போறானோ அதுதான் அவன் ஊர்." தன் பகிடிக்குத் தானே கொஞ்சம் சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார். அது கணக்காளருடைய தண்ணீர். கீழே இறங்கி வரும்போது, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னார். யோசித்துக்கொண்டே ஒரு வருடம் போனது.

அதற்குள் மகளுக்கு ஒரு வீடு அமைந்தது. சிட்னியிலேயே துங்காபியில், பின்வளவில் எங்களுக்கு என்று ஒரு சிறிய வீடும் சேர்ந்தது. பத்து வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசையெல்லாம் முற்பணமாகக் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வங்கிக் கடன் ஒரு பகுதி, மீதி நாங்கள் தருவதாகப் பேச்சு. இந்த நாட்டில் வீடு வாங்கினால் ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளில் முழுக்காசும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பிந்துகிற ஒவ்வொரு நாளுக்கும் வட்டி, அதற்கு மேலும் பிந்தினால் வீடும் போகும், கட்டிய முற்பணமும் போகும். மகளின் வழக்கறிஞர் இதை இரண்டு தரம் சொன்னார். இரண்டாந்தரம் இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பவுண் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. இவர் "இன்னும் ஏறும்" என்று தொடங்க நான் பார்த்த பார்வையில் எழும்பிப் போய்க் கணினியைத் திறந்தார். காசை வழக்கறிஞரின் கணக்குக்கு அனுப்பினார். குறித்த நாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. நான் நிம்மதியாக மீன் வெட்டப் போனேன்.

அடுத்த நாள் பின்னேரம் தம்பி அழைத்தான்.

"அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை. இப்ப பாங்கில இருந்து அத்தானைக் கேட்டுப் போன் எடுத்தவை."

"நீ என்ன சொன்னனீ?"

"நான்தான் அத்தான் எண்டு சொன்னனான்."

கத்தியைக் கீழே வைத்தேன். என் தம்பி கெட்டவன் இல்லை. குடும்பத்தில் ஒரு அவசரம் என்றால் யார் பெயரில் எங்கே கையெழுத்துப் போடவும் தயங்க மாட்டான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். வந்த புதிதில் ஆங்கிலம் தெரியாத அண்ணனுக்குத் தம்பி பேசுவான், மாமிக்கு மருமகள் பேசுவாள். காஸ் கம்பனியும் தண்ணீர்க் கம்பனியும் எங்கள் குடும்பங்களில் யாரோடு பேசின என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டான்.

"அத்தான் மாதிரி எப்பிடிக் கதைச்சனீ?"

"இடைக்கிடை இருமிக் கதைச்சனான்."

"பேந்து?"

"பிறந்த திகதி கேட்டாள், சொன்னன். அத்தானின்ர தாயின்ர பேர் கேட்டாள், அதுவும் சொன்னன். பேந்து, இந்தக் கணக்கில இருந்து மாதாமாதம் காசு எடுக்கிற ஒரு கம்பனியைச் சொல்லுங்கோ எண்டாள். நான் லைட் பில் எண்டன்."

"அத்தானுக்கு லண்டனில என்னடா லைட் பில்?"

"வாயில வந்தது அதுதான் அக்கா. பேந்து உங்கட பாதுகாப்புக்காகக் கணக்கை மறிச்சு வைக்கிறம் எண்டிட்டாள். நல்ல மரியாதையாத்தான் சொன்னவள்."

கணக்கு முழுவதும் முடங்கியது. வீடு விற்ற காசு, என் இருபது வருடம், இவருடைய முப்பது வருடம், எல்லாம். இவரிடம், "மாதாமாதம் எந்தக் கம்பனிக்குக் காசு போகுது?" என்று கேட்டேன். "இருக்கு ஒண்டு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

வங்கியிலிருந்து தம்பி வீட்டுக்குக் கடிதம் வந்தது. பெருவிரலுக்கு இந்தப் பக்கம் வாசித்ததில், கடவுச்சீட்டோடு உங்கள் கிளைக்கு நேரில் வாருங்கள் என்று இருந்தது. எங்கள் கிளை என்பது நாங்கள் கணக்குத் திறந்த இடம். தம்பி போய்ப் பார்த்தான். கிளையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே கோழிப் பொரியல் விற்கிறார்கள். வாசலில் படம் எடுத்து அனுப்பினான். கையில் ஒரு பொதியும் இருந்தது.

"நான் லண்டனுக்குப் போட்டு வாறன்" என்றார் இவர். விமானச் சீட்டு விலை பார்க்கத் தொடங்கினார். "வேற கிளை இருக்கும். அங்க போய் நிண்டு கதைச்சா ஒரு பொய்யும் இல்லைத்தானே. லண்டனிலதான் நிப்பன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக, பொய்யை உண்மையாக்க உலகத்தின் மற்றக் கரைக்குப் பறக்க ஆயத்தமாக இருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பேச்சு வரவில்லை. பேச்சு வராமல் நான் இருப்பது அபூர்வம், அவருக்கும் கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

மகள் வேலையால் வந்து குசினி வாசலில் நின்றாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அவள் அப்பாவோடு தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போய்விடுகிற பிள்ளை. அன்றைக்குக் கடைசிவரை தமிழிலேயே பேசினாள்.

"அப்பா, வீடு போனால் போகட்டும். நான் திரும்பச் சேர்ப்பன். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் என்னோட இருக்க வந்தனீங்களோ, என்னைப் பார்க்க வந்தனீங்களோ?"

அவர் விமானச் சீட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் போய்க் குளித்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் முதன்முதல் லண்டனில் இறங்கியபோது குடிவரவு அதிகாரி ஒருவர், நாட்டில் சண்டை முடிந்தால் திரும்பிப் போவீரா என்று கேட்டிருக்கிறார். "உடன போவன்" என்று சொன்னாராம். மனமறிந்துதான் சொன்னார். அந்தப் பதில் இன்னமும் அங்கே ஏதாவது ஒரு கோப்பில் கிடக்கும். அதற்குப் பிறகு, எங்கே இருக்கிறீர், எங்கே இருக்கப் போகிறீர் என்று யார் கேட்டாலும் இவருக்கு நெஞ்சு அடைக்கும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தக் கிழமை எனக்கு இரக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம், லண்டனில் காலை வங்கி திறக்கிற நேரம், தொலைபேசியைக் குசினி மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினேன். "கதையுங்கோ" என்றேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். மகள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தேநீர் போடுவதாகப் பெயர்.

நீண்ட நேரம் இசை ஓடியது. பிறகு ஸ்கொட்லாந்துப் பேச்சோடு ஒரு பெண் வந்தாள். பிறந்த திகதி கேட்டாள். தாயின் குடும்பப் பெயர் கேட்டாள். போன தரம் அழைத்தபோது நீங்கள் லைட் பில் என்று சொன்னீர்களே என்றாள். இவர் இரண்டு முறை இருமினார். இது உண்மையான இருமல். அன்றைக்குப் பேசியது தானில்லை, தன் மச்சான் என்று சொன்னார். ஏன் மச்சான் பேசினார் என்று அவள் கேட்டாள். "உதவிக்கு" என்றார். அதற்கு வங்கியில் என்ன பெட்டியில் அடையாளம் போடுவார்களோ தெரியாது, தட்டச்சுச் சத்தம் கொஞ்சம் நின்று தொடர்ந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மாதாமாதம் இந்தக் கணக்கிலிருந்து எந்தக் கம்பனிக்குக் காசு போகிறது?

இவர் என்னைப் பார்க்காமல், குரலைக் குறைத்து, "செத்த வீட்டுச் செலவுத் திட்டம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"சரி, நன்றி சார்" என்றாள் அந்தப் பெண்.

அடுப்படியில் கேத்தல் கொதித்து நின்றது, மகள் அதைத் தொடவில்லை. கணக்காளர் கல்லறைப் பகிடி விட்டபோது இவர் ஏன் தண்ணீர் குடித்தார் என்பது இப்போது விளங்கியது. லண்டனில் ஒரு மயானத்தில், தன் கூட்டாளிமார் போன அதே வாசலால் போக, மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இப்போது எங்கேயிருந்து பேசுகிறீர்கள் சார்?"

அது சிட்னியில் கிளிகள் அடைகிற நேரம். பச்சையும் சிவப்புமாக ஒரு கூட்டம், பக்கத்து வீட்டு மரத்துக்கு வந்து, சந்தை கூடினது போலக் கத்தும். சமையலறை யன்னல் திறந்து கிடந்தது. ஹரோவில் அந்தப் பறவை இல்லை.

"அது பறவைகளா?" என்றாள் அவள்.

"ஓம்... யெஸ்" என்றார் இவர். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் இங்க வரும்."

"இங்கே என்றால் எங்கே சார்?"

மேசையில் இருந்த அவருடைய கை என் பக்கம் நகர்ந்தது. நான் பிடிக்கவில்லை. பிடித்தால் நான் சொல்ல வைத்ததாகிவிடும்.

"சிட்னி" என்றார்.

எவ்வளவு காலமாக என்று கேட்டாள். நாலு வருடம் என்றார். லண்டனுக்குத் திரும்பிப் போய் வசிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டாள். அவர்களிடம் எழுதி வைத்த கேள்வி அது, அவள்மேல் பிழை இல்லை. இவர் மகளின் முதுகைப் பார்த்தார். "இல்லை. என்ர மகள் இங்க" என்றார். கேள்விக்குத் தேவையானதைவிட அது கொஞ்சம் கூடுதல். அந்தப் பெண் அதையும் கேட்டுக்கொண்டாள். உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லுங்கள் என்றாள்.

ஹரோ முகவரி இவருக்கு நித்திரையிலும் வரும், தபால் குறியீட்டோடு. நாலு வருடம் நித்திரை கொண்ட இந்த வீட்டு இலக்கம் தெரியாது. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. மகளும் திரும்பவில்லை. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியைக் கையில் தூக்கிக்கொண்டு, கட்டியிருந்த சறத்தோடு வாசல் படலைக்குப் போனார். தபால் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்று இலக்கத்தை வாசித்தார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் தெருவின் எழுத்துக்கூட்டலைக் கேட்டு, அதையும் சொன்னார்.

இதோடு முடியவில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கணக்கு வைத்திருக்க மாட்டோம், காசு முழுவதையும் உங்கள் சொந்தப் பெயரில் அங்கே உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புவோம் என்றார்கள். சொந்தப் பெயரில் அங்கே கணக்கு இல்லை. அடுத்த நாள் காலை பரமட்டாவுக்கு ரயில் ஏறினோம். நான் மலிவுக் கட்டணம், இவர் முழுக்கட்டணம். வங்கியில் ஒரு இளம்பிள்ளை கடவுச்சீட்டைப் பார்த்து, "அவுஸ்திரேலியாவுக்கு வரவேற்கிறோம். இப்போதுதான் வந்தீர்களா?" என்று கேட்டாள்.

"நேற்று" என்றார் இவர்.

சிரிக்காமல் சொன்னார். அவளும் சந்தோசமாகக் கணக்கைத் திறந்தாள். நான் வெளியே வந்துதான் சிரித்தேன்.

காசு குறித்த நாளுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. அந்தக் கிழமை பவுண் நன்றாக விழுந்திருந்தது. நாலு வருடம் காத்து, விழுந்த விலையில் மாற்றினோம். நான் அதைக் குத்திக் காட்டவில்லை, அன்றைக்கு மட்டும். மகளுக்கு வீடு கிடைத்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பென்சன் அலுவலகத்துக்கு அவரே எழுதினார். நாலு வருடம் கூடுதலாக எடுத்ததை மாதாமாதம் கழிப்போம் என்று பதில் வந்தது. எனக்குப் போலவே வந்த நாள் தொகையில் அவருடையதும் நின்றது. ஹரிஸ் பார்க் கணக்காளர் விட்ட வருடங்களுக்கெல்லாம் வரி காட்டினார், அபராதமும் கொஞ்சம். "இப்பவாவது வந்தீங்களே சார்" என்றார். இவர் அன்றைக்கும் அவருடைய தண்ணீரைக் குடித்தார்.

செத்த வீட்டுத் திட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. புது வீட்டுக்கு வந்து, பின்வளவில் சாமான் அடுக்கி, குளிர்கோட்டை எங்கே தொங்கவிடுவது என்று அவர் தேடி, கடைசியில் அலுமாரிக்குள் மடித்து வைத்தார். அதற்கு அடுத்த நாள் தானாகவே அந்தக் கம்பனிக்கு அழைத்தார். திட்டம் பிரித்தானியாவுக்குள் மட்டும்தான் செல்லும், நிறுத்தினால் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவோம் என்றார்கள். நிறுத்துவதற்குக் காரணம் கேட்டார்கள். "இனித் தேவையில்லை" என்றார்.

தொலைபேசியை வைத்ததும் கேட்டேன். "ஏன், சாகிற எண்ணத்தை விட்டாச்சோ?"

"பகிடி விடாதையும்."

"உங்களுக்கு மட்டுமோ கட்டினீங்கள்?"

"ரெண்டு பேருக்கும்தான். ரெண்டு பேர் எண்டால் கழிவு தந்தவங்கள்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் சிட்னியில் செத்தால் என்னையும் பெட்டியில் போட்டு அந்தக் குளிருக்கு அனுப்ப நினைத்திருக்கிறார், அதுவும் கழிவு விலையில். "நான் எங்க போறது எண்டு என்னை ஒருக்காக் கேட்டனீங்களோ? ஊரில இருந்து வெளிக்கிடேக்க கேட்டனீங்களோ? லண்டனில கேட்டனீங்களோ? கணக்கில பேர் போடேக்க கேட்டனீங்களோ?" என்று தொடங்கி, கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை. நாற்பது வருடத்துக் கேள்விகள், வரிசை இல்லாமல் வந்தன. அவர் மறுத்துப் பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது, "கேக்கேல்லை. பிழைதான். இப்ப கேக்கிறன்" என்றார். "உமக்கு எங்க விருப்பம்?"

இவ்வளவு காலத்தில் அந்தக் கேள்வியை இவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல்தரம்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அவரும் ஒரு வருடம் யோசித்தவர்தானே, கொஞ்சம் இருந்து பார்க்கட்டும் என்று விட்டேன்.

ஏப்ரல் வந்தது. எனக்கும் ஏறவில்லை, அவருக்கும் ஏறவில்லை. காலையில் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, "வெளிக்கிடும், தோசை சாப்பிடப் போவம்" என்றார்.

"என்ன காசில?"

"எங்கட காசில."

ரயிலடியில் எனக்கு முன்னால் போய் ஒரு புது அட்டையைத் தட்டினார். மலிவுக் கட்டணம் விழுந்தது. நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்த்தார். கடையில் எங்களுக்கு வழக்கமான மூலை மேசை கிடைத்தது. தோசை வந்தது. இனிமேல் எங்கள் இருவருக்கும் ஒரு சதமும் ஏறாது என்று ஞாபகப்படுத்தினேன். "உம்மோட சமமா வந்திட்டன்" என்றார், சாம்பாரைத் தொட்டுக்கொண்டு.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து இருந்தேன்.

"அண்டைக்கு ஒண்டு கேட்டனீங்கள்" என்றேன்.

அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"இங்கயே இருப்பம். பேந்து நடக்கிறதும் இங்கயே நடக்கட்டும். பிள்ளை வேலை முடிஞ்சு வந்திட்டுப் போகலாம்."

"ஓம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றித் துடைத்தார். பரிமாறுகிற பொடியன் பில்லை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனான். நான் பைக்குள் கையை விட்டேன். "விடும்" என்று அவர் தன் அட்டையை எடுத்தார், பரமட்டாவில் திறந்த அந்தக் கணக்கின் அட்டை. கணக்கில் இப்போது அவர் பெயரோடு என் பெயரும் இருந்தது.